என் காரில்தான் வருவாள்

எங்கள் பள்ளியில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் இன்னும் மோசம், அதை இங்கே எழுத மாட்டேன். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இருபத்தைந்து வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். கத்தாமல் நடத்த எனக்கு வராது. அதிலும் என் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால், சொன்னவர் பாடு அன்றைக்குத் திண்டாட்டம்தான்.

அப்படிப்பட்ட என்னிடம், எழுமலையில் என் மகள் வாழப்போன வீட்டு வாசலில் வைத்து, அவளுடைய மாமியார் அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

“மதினி, தப்பா நெனைக்காதீங்க. வளைகாப்பு முடிஞ்சு எம் மருமகள இந்த வண்டியில அனுப்ப மாட்டேன். எங்க ஜீப்புல நாங்களே கொண்டாந்து விடுறோம். இல்லையா, நல்ல வண்டியா ஒண்ணு வாடகைக்குப் புடிச்சுட்டு வாங்க.”

நல்ல வண்டியாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “ரோடு சரியில்ல மதினி. அதுக்கு வண்டியக் குத்தம் சொன்னா எப்புடி?” என்றேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். உசிலம்பட்டியில் ஸ்கேன் எடுக்க வேண்டும். நானே கூட்டிப்போகிறேன் என்று மதுரை கோச்சடையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு எழுமலைக்குப் போனேன். மகளும் சம்பந்தியம்மாவும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஸ்கேன் முடிந்து திரும்பும்போது, வழியில் ஒரு ஊருக்குள் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்று இருந்தது. திருவிழாக் கூட்டத்துக்காக ஊர்க்காரர்களே போட்டுக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். பார்த்ததும் பிரேக்கை மிதித்தேன், போதவில்லை. முன்பக்கம் எப்படியோ ஏறி இறங்கிவிட்டது. பின்பக்கம் டமார் என்று விழுந்து எகிறியது. சம்பந்தியம்மாவின் தலை கூரையில் இடித்தது. அவருக்கு ஏற்கெனவே இடுப்பில் டிஸ்க் தொந்தரவு, “ஆத்தாடி!” என்று அலறிவிட்டார். நான் கண்ணாடியில் பார்த்தேன். என் மகள் சத்தமே போடவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே உசிலம்பட்டிக்குத் திருப்பி, டாக்டரிடம் மறுபடி காட்டினோம். ஒன்றும் இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது, வாசலில் நின்று ரோட்டைக் குறை சொன்னேன். சொன்னது பச்சைப் பொய். வண்டியின் சஸ்பென்ஷன் போய்விட்டது என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடர்சிவப்பு நிறம், டர்போ பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர். மதுரையில் ஒரு டாக்டர் ஆசை ஆசையாக வாங்கி, எட்டு வருடம் வைத்திருந்து, முதுகுவலி வந்து விற்ற வண்டி. நான் வாங்கியபோது ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் அதே பேச்சு. பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டு வேகம் என்று கேட்ட கணக்கு வாத்தியாரை ஒருநாள் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் திருமங்கலம் வரை போய் வந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் மகள் ஓட்டப் பழகியது இந்தக் காரில். கல்லூரிக்குப் போனதும், கல்யாணமாகி எழுமலைக்குப் போனதும் இந்தக் காரில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, ஏழு வகைச் சோறு கொண்டுபோன தாய்வீட்டார் பிள்ளையைப் பிரசவத்துக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். அன்றைக்கு என் மகள் வாடகைக் காரில் வருவதா? அந்த வீட்டு ஜீப்பில் வந்து இறங்குவதா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கார் ஓட்டத் தெரியாது, ஓட்ட ஆசையும் கிடையாது. நான் கத்தி முடிக்கும்வரை பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இங்க பாரு,” என்றார். “சம்பந்தியம்மா சொன்னதுல என்ன தப்பு? பாலத்துல ஏறும்போதெல்லாம் நீ எதுக்குப் பாட்டு சத்தத்தக் கூட்டுறேன்னு எனக்குத் தெரியாதா?”

அடியில் கடகடவென்று வரும் சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் கூட்டுவேன். இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

வளைகாப்புக்கு ஏழு வாரம் இருந்தது. அடுத்த சனிக்கிழமையே நாகமலைப் பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே இருக்கும் மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். நான் எவ்வளவு கத்தினாலும் பயப்படவும் மாட்டார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். காரை லிஃப்டில் ஏற்றி, நீளக் கம்பி ஒன்றை விட்டு அங்கங்கே நெம்பிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் இருக்கும் புஷ் ரப்பர்கள் நார் நாராகக் கிழிந்திருந்தன. நான்கு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் ஒழுகி, அதன்மேல் புழுதி கெட்டியாக அப்பியிருந்தது.

“ஷாக்கு செத்து ரொம்ப நாளாச்சு டீச்சர். வெறும் ஸ்பிரிங்குலதான் ஓட்டிட்டு இருக்கீங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். இதை வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள் நான். என் தலைக்குமேலே என்னுடைய நான்கும் செத்துத் தொங்குகின்றன.

“கம்பெனி சாமானே போட்டுருவமா, இல்ல அதவிட நல்லதாப் பாக்கவா?” என்றார்.

“அதவிட நல்லது,” என்றேன். “ஆனா வண்டி ஒரு இஞ்ச்கூடத் தாழக் கூடாது. பசங்க மாதிரி தரையோட தரையா எறக்கி வச்சா நான் எழுமலை போய்ச் சேர மாட்டேன்.”

முதல்முறையாக அந்த மனிதர் சிரித்தார். ஒரு வாரம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து பெட்டிகள் வந்தன. நீல நிறத்தில் நான்கு ஷாக் அப்சார்பர், அவற்றுக்கேற்ற புது ஸ்பிரிங், ஆர்ம், புஷ், மவுண்ட். ஒவ்வொரு ஷாக்கிலும் ஒரு சின்னத் திருகு உண்டு. இந்தப் பக்கம் திருகினால் மெத்தென்று போகும், அந்தப் பக்கம் திருகினால் இறுகும். கிளிக், கிளிக் என்று விரலில் தெரியும். பெட்டியைப் பிரித்ததும் அதைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகைக்கடையில்கூட நான் அப்படி உட்கார்ந்தது கிடையாது.

வேலை நடந்த இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஆர்மை மாட்டிய பிறகு போல்ட்டை முழுக்க முறுக்காமல் அவர் காரைக் கீழே இறக்கினார். “முறுக்காம ஏன் தம்பி எறக்குறீங்க?” என்று சத்தம் போட்டேன். “வண்டி தன் வெயிட்ல உக்காந்த பெறகு முறுக்கணும் டீச்சர். தொங்கும்போது முறுக்குனா ரப்பரு முறுக்கிக்கிட்டே கெடந்து சீக்கிரம் கிழிஞ்சுரும்.” சரிதான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அளவோடு மூடியே வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றியபோது சுற்றுகளுக்கு நடுவே இருந்து இரண்டு தடித்த கறுப்பு ரப்பர்த் துண்டுகளை எடுத்தார். “இது இனி வேணாம்ல?” என்றார். எனக்கு அவற்றைப் பார்த்ததும் பாசம் வந்துவிட்டது. அவை நான் வைத்தவை. கல்யாணத்தின்போது சீர்ச் சாமானில் பாதியை இந்தக் காரின் டிக்கியில்தான் ஏற்றினோம். பித்தளைக் குத்துவிளக்கு, அண்டா, தவலை, கிரைண்டர் எல்லாம் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் சக்கரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சீர் வண்டி குண்டி தாழ்ந்து போய் நின்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று, பைபாஸில் ஒரு கடையில் ரப்பர் வாங்கி ஸ்பிரிங்குக்குள் செருகச் சொன்னேன். வண்டி கம்பீரமாகப் போய் நின்றது. அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

“போட்டுருங்க தம்பி. வளைகாப்பு அன்னைக்கு ஏழு வகைச் சோறு ஏத்தணும். எம்புட்டு வெயிட்டு தெரியுமா?”

“புது ஸ்பிரிங்கே தாங்கும் டீச்சர். ரப்பர் வேணாம்.”

“நான் சொன்னதச் செய்ங்க.”

செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, சோழவந்தான் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். முன்பக்கம் இருக்கிறதே, அடடா! ஸ்டீயரிங்கைத் தொட்டால் வண்டி திரும்புகிறது, பள்ளத்தில் இறங்கினால் ஒரு தடவை அமுங்கி எழுந்து அப்படியே நின்றுவிடுகிறது. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. அடுத்த வேகத்தடையில் பின்னால் இருந்து டமார்.

“உண்மையச் சொல்லுங்க,” என்றேன்.

“பழையபடிதான் தூக்கிப் போடுது,” என்றார் அவர், தலையைத் தடவிக்கொண்டே.

நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்து, அவர் வந்து இறங்கியும் இறங்காமலும் ஆரம்பித்தேன். என்ன வேலை பார்த்திருக்கிறீர்கள், என் மகள் உட்காரப்போகிற சீட் அது, உங்களை நம்பினேனே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நான் நிறுத்தும்வரை நின்றார். பிறகு காரை லிஃப்டில் ஏற்றி, பின் ஸ்பிரிங்கைக் காட்டினார்.

“ஸ்பிரிங்கு அமுங்குறதுக்கு எடம் வேணும்ல டீச்சர்? அந்த எடத்துலதான் நீங்க ரப்பர வச்சிருக்கீங்க.”

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவும் இல்லை. எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. செத்துப்போன ஷாக்கோடு இந்த ரப்பரும் சேர்ந்துதான் அன்றைக்கு என் மகளைத் தூக்கிப் போட்டது. சம்பந்தி வீட்டார் முன் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நான் வைத்த ரப்பர்! சுருள்வில் பாடத்துக்கு நூற்றுக்கு நூறு வாங்கவில்லை என்று எத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருக்கிறேன். என்னை எங்கே நிறுத்துவது?

மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அன்றைக்குக் கேட்டேன். டீக்கடைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே கேட்டேன். திட்டியது அவர்கள் காதில் விழுந்திருந்ததே. “விடுங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பானரை எடுத்தார். ரப்பரைக் கழற்றியதும் நானே வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போனது. அரிசி மூட்டையை டிக்கியில் ஏற்றியும் இறக்கியும், வீட்டுக்காரரைப் பின்சீட்டில் இடமும் வலமும் மாற்றி உட்காரவைத்தும் திருகுகளைச் சரிபார்த்தேன். ரொம்ப மெத்தென்று வைத்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது, அவருக்குக் குமட்டியது. ரொம்ப இறுக்கினால் எனக்கு ஓட்டச் சுகம், அவருக்கு இடுப்பு போனது. கடைசியில் முன்னால் எட்டுக் கிளிக், பின்னால் ஆறு என்று நிறுத்தினேன். “இப்ப எப்புடி?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டால் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓடுகிற என் காரில் அவர் பேப்பர் படித்து நான் பார்த்ததே இல்லை.

வளைகாப்பு அன்று புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தக்காளிச் சோறு, கல்கண்டுச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சோறு என்று ஏழு தூக்குச்சட்டிகளையும் டிக்கியில் அடுக்கிக்கொண்டு போனோம். எழுமலையில் திறந்து பார்த்தேன். ஒரு தூக்கின் மூடிகூட நகரவில்லை. வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, பந்தியும் முடிந்தது. வாசலில் ஜீப் துடைத்துத் தயாராக நின்றது. மாப்பிள்ளை சாவியோடு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தியம்மா சொன்ன சொல்லை மறக்கவில்லை.

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் சம்பந்தியம்மாவிடம் போனேன்.

“மதினி, மொதல்ல நீங்க ஏறி உக்காருங்க. ஒங்க இடுப்பு சொல்லட்டும். அது வேணாம்னு சொல்லிருச்சுன்னா ஜீப்புலயே அனுப்புங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். உசிலம்பட்டி ரோட்டில், அன்றைக்கு எங்களைத் தூக்கிப் போட்ட அதே வேகத்தடைக்குத்தான் ஓட்டிப்போனேன். ஊர்ந்து போனால் எந்த வண்டியும் தாண்டிவிடும், அதில் என்ன இருக்கிறது? எல்லோரும் போகிற வேகத்தில்தான் போனேன். முன்பக்கம் ஏறி இறங்கியது. பின்பக்கம் ஏறியது, இறங்கியது, ஒரு தடவை அமுங்கி நின்றது. சத்தமே இல்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு, “திருப்புங்க மதினி, இன்னொரு தரம் போங்க,” என்றார். போனேன். “இன்னும் ஒரு தரம்.” மூன்றாவது தடவை தாண்டியதும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“வேற வண்டியா மதினி இது?”

“அதே வண்டிதான். அன்னைக்கு நான் ரோட்டு மேல பழியப் போட்டேன். ரோடு ஒண்ணும் செய்யல. தப்பு என்னோடதுதான் மதினி. எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

வீட்டு வாசலில் இறங்கியதும், எல்லோரும் காத்துக்கொண்டு நிற்க, அவர் மகனைப் பார்த்துச் சொன்னார்: “ஏப்பா, அந்த ஜீப்ப எடுத்து ஓரமா நிப்பாட்டு. புள்ள அவுக அம்மா வண்டியில போகட்டும்.”

அந்த வாசலில் நான் எப்படி நின்றேன் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் நல்லாசிரியர் விருது எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தாலும் இவ்வளவு நிமிர்ந்து நின்றிருப்பேனா தெரியாது.

மகள் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையசைக்கும்போது அவள் கை நிறைய வளையல் குலுங்கியது. உசிலம்பட்டி தாண்டியபோது அந்தச் சத்தமும் நின்றிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், தூங்கிவிட்டாள். வேகத்தடைகள் வந்தன, பள்ளங்கள் வந்தன, பாலம் வந்தது. நான் பாட்டே போடவில்லை. முன்சீட்டில் இருந்த வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோச்சடையில் எங்கள் வீட்டு கேட் முன்னால் எஞ்சினை அணைத்த பிறகுதான் அவள் கண் விழித்தாள்.

“என்னம்மா, செக்கானூரணி வந்துருச்சா?” என்றாள். அது பாதி வழியில் இருக்கும் ஊர்.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெருமையில்தான் அழுதேன். அவள் பயந்துபோய், “என்னாச்சுப்பா அம்மாவுக்கு?” என்று அவரைக் கேட்டாள். “ஒண்ணுமில்ல, நீ எறங்கு,” என்றார் அவர்.

உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பதற்குள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன். “போய்ச் சேந்துட்டீங்களா மதினி? புள்ள என்ன செய்யுது?”

“வழி நெடுக்கத் தூங்கிட்டு வந்தா மதினி. இப்பத்தான் முழிச்சா.”



“அப்ப ஒண்ணு செய்ங்க,” என்றார். “வலி வந்துச்சுன்னா யாருக்கும் போனப் போட்டுட்டுக் காத்துக் கெடக்காதீங்க. நீங்களே அந்த வண்டியில கூட்டிட்டுப் போயிருங்க. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்.”

“சரி மதினி,” என்றேன். மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகுமுன், பிரசவம் பார்க்கப்போகிற ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருமுறை ஓட்டிப்போய், வழியில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்தேன். பதினொன்று இருந்தது.